கை வைக்கக்கூடிய கயிறு

மச்சானுக்குப் போட்டைக் கயிற்றால் கரைக்கு இழுக்கும் வின்ச் ஒன்று வாங்க வேண்டும் என்ற கதை வந்தபோது நான் எலுவன்குளத்தில் வயல் காவலுக்கு இருந்தேன். காட்டோரத்து வயல். பரணில் இருந்துகொண்டு யானைக்கு வெடி கொளுத்திப் போடுவது வேலை. போனில் ராத்தாவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. அக்காவை நாங்கள் ராத்தா என்போம். மச்சான் அவளுடைய வீட்டுக்காரர். அவருக்குக் குடலிறக்க ஒப்பரேஷன் முடிந்துவிட்டது, இனிமேல் பாரம் இழுக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், கடலைப் புரட்டும் கச்சான் காற்று தொடங்கப் போகிறது, போட்டைக் கரைக்கு இழுக்க வேண்டும், நீ வா என்றாள். அவள் என்னை வா என்று கூப்பிடுவது அபூர்வம். நான் ஓர் இடத்தில் நில்லாதவன் என்பதை நெடுநாளைக்கு முன்பே ஒத்துக்கொண்டவள். அறுவடை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ப் பக்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் படகில் கற்பிட்டிக் கரைக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பிறகு கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தோம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பிடித்து வைக்கவில்லை. நானும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. உப்பளத்தில் உப்பு வாரினேன், ஐஸ் லொறியில் போனேன், கட்டாரில் குழாய் பதித்தேன், திரும்பி வந்து இறால் பண்ணையில் காவல் இருந்தேன். எங்கேயும் கால் தரிக்காது. கச்சான் காலம் முடியும்வரைதான் இருப்பேன் என்பது முதல் நாளே எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. அதற்குள் எனக்குப் பதிலாக ஓர் இரும்பைப் பார்த்து வைக்க வேண்டும். முடியாவிட்டால் மச்சான் போட்டை விற்க வேண்டியதுதான். கடலைத் தவிர அவருக்கு வேறு தொழில் வராது. ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற போட்டுகளின் இஞ்சின் சத்தத்தைக் கேட்டு அது யாருடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அவர்களுடைய வீடு கற்பிட்டிக்கும் தலவிலவுக்கும் இடையில், திறந்த கடல் பக்கம். அலை இல்லாத உள்நீரான களப்புப் பக்கம் என்றால் போட்டைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இது அலை உடைகிற கரை. வெளியே நின்று அலைகளைப் பார்த்து, தோதான ஒன்றின் முதுகில் ஏறி, இஞ்சினை முழு வேகத்தில் விட்டு மணலில் வந்து முட்ட வேண்டும். அடுத்த அலை பின்னால் ஏறுவதற்குள் கரையில் நிற்கிறவர்கள் ஓடிப்போய் முனைக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். பிறகு உருளைக் கட்டைகளை அடியில் போட்டு, அலை எட்டாத மேடு வரைக்கும் தம் கட்டி இழுப்பார்கள்.

இழுக்கிறவர்கள் கூலிக்காரர்கள் இல்லை. கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவருக்கும் கறிக்கு மீன் உண்டு. அது அந்தக் கரையின் வழக்கம். கேட்கவும் மாட்டார்கள், மறுக்கவும் மாட்டார்கள். உப்பளத்தில் வேலை இல்லாத நாளில் அங்குள்ளவர்கள் வருவார்கள். வீட்டில் ஆண் துணை இல்லாத பெண்கள் வருவார்கள். தலவிலத் தேவாலயத் திருவிழாவில் மெழுகுதிரி விற்றுவிட்டு மற்ற மாதங்களில் சும்மா இருக்கும் ஒருவர் தவறாமல் வருவார். சிலர் உயிரைக் கொடுத்து இழுப்பார்கள். சிலர் கயிற்றின் வால் நுனியைத் தொட்டுக்கொண்டு சத்தம் மட்டும் போடுவார்கள். இரண்டு பேருக்கும் மீன் ஒன்றுதான்.

மச்சானுக்கு இந்த வழக்கம் பிடிக்காது. மீன் போகிறதே என்று இல்லை, அவர் கை தாராளம். நாலு பேர் வந்து நின்றால்தான் தன் போட் கரையேறும் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“நாம வந்த நாளையிலயிருந்து இந்த ஊர் ஆக்கள் நம்மளத் தூக்கி விட்டுக்கிட்டே இருக்காங்க,” என்றார் ஒருநாள். “முதல்ல படகுல இருந்து தூக்கி விட்டாங்க. பொறகு சோறு தந்தாங்க, ஓலை தந்தாங்க. எனக்கு இப்ப ஐம்பது வயசு மச்சான். என்ட போட்ட நானே ஏத்திக்கிறன்.”

அவர் மனதில் இருந்தது ஒரு பட்டனை அமுக்கினால் போட் தானாக மேலே வந்து நிற்கும் வின்ச். அப்படி ஒன்றைத் தேடிச் சிலாபம் போனோம். அங்கே பழைய வாகனச் சாமான் விற்கும் ஒரு சிங்கள முதலாளி இருந்தார். பாதி தமிழ், பாதி சிங்களம். நாங்களும் அதே கலவையில்தான் கதைத்தோம். ஜீப்பில் பூட்டுகிற மின்சார வின்ச் ஒன்றைத் தூசி தட்டிக் காட்டினார்.

“மல்லி, இது ஜப்பான் சாமான். ஆனை விழுந்தாலும் தூக்கும்,” என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

“ஆனைய நான் பாத்து முடிச்சிட்டன் முதலாளி. போட்ட இழுத்தாப் போதும்,” என்றேன்.

“போட் என்ன போட்! என்ட நோனா கோவிச்சிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனா. இதப் பூட்டித்தான் இழுத்துக்கிட்டு வந்தது.”

மச்சான் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலிக்க வலிக்கச் சிரித்தார்.

எனக்கு அந்தக் கம்பியைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. அங்கங்கே இழை அறுந்து முள்ளாக நின்றது. உப்புக் காற்றில் பட்டரியும் மோட்டாரும் எவ்வளவு காலம் நிற்கும் என்பதும் தெரியாது. கேட்டதற்கெல்லாம் முதலாளி “கிரீஸ் பூசு மல்லி” என்று ஒரே மருந்தைச் சொன்னார். கடைசியில், என் வேனின் முன்னுக்கே பூட்டிக்கொண்டு உங்கள் கரைக்கு வருகிறேன், இழுத்துக் காட்டுகிறேன், பிடித்தால் எடு, பிடிக்காவிட்டால் மீன் கறியோடு சோறு போட்டு அனுப்பு என்றார். நியாயமான பேச்சாகவே இருந்தது.

சொன்னபடி வந்தார். வேனை மணல் மேட்டில் கடலைப் பார்க்க நிறுத்தினார். மச்சான் ஒப்பரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அன்று விடியவே, போட்டில் அவரோடு தொழில் செய்யும் கூட்டாளியோடு கடலுக்குப் போயிருந்தார். ராத்தா வேனுக்குப் பக்கத்தில் நின்றாள். வழமையாக இழுக்க வருகிறவர்களும் வந்தார்கள். இன்றைக்கு உங்களுக்கு வேலை இல்லை, வின்ச் இழுக்கும் என்று சொன்னேன்.

“பாப்பமே,” என்றார் ஒரு மாமி. வயதானவர். காலமெல்லாம் உப்பளத்தில் வேலை செய்து கால் வெடித்தவர். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண். மற்றவர்களும் அவரோடு மணலில் குந்தினார்கள்.

போட் வந்து முட்டியது. நான் கம்பியின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கம்பி என் வேகத்துக்கு வரவில்லை. உருளையைச் சும்மா சுழல விடுகிற பிடி துருவேறி இறுகியிருந்தது. மோட்டார் அதன் பாட்டுக்கு மெல்ல மெல்லக் கம்பியை விட்டது. போட்டுக்கு எட்டச் சில அடி இருக்கும்போதே அடுத்த அலை பின்னால் ஏறிவிட்டது. தண்ணீர் நிறைந்த போட்டைப் போட் என்று சொல்ல முடியாது. அது கடலோடு சேர்ந்துவிடும். எப்படியோ கொக்கியை மாட்டிவிட்டுக் கையைக் காட்டினேன். முதலாளி பட்டனை அமுக்கினார். கம்பி விறைத்தது. போட் அசையவில்லை. வேன் அசைந்தது. பிரேக் பிடித்த சக்கரங்களோடு மணலை உழுதுகொண்டு கடலை நோக்கி இறங்கியது. உள்ளே இருந்து முதலாளி “அம்மோ! அம்மோ!” என்று கத்துவது அலைக்கு மேலாகக் கேட்டது.

குந்தியிருந்தவர்கள் எழும்பி ஓடி வந்தார்கள். யாரும் யோசிக்கவில்லை. அலைக்குள் ஒரு போட் மாட்டி நிற்க, அதிலிருந்து ஒன்று நீண்டு கரைக்கு வந்தால், அதைப் பிடித்து இழுப்பது அவர்களுடைய கைகளுக்குப் பழக்கம். கயிறா கம்பியா என்று கை பார்க்கவில்லை. மாமிதான் முன்னுக்குப் பிடித்தார். ஓர் அலை போட்டைக் கொஞ்சம் தூக்கியதும் இழுவை குறைந்து கம்பி சட்டென்று உள்ளே ஓடியது. நீட்டிக்கொண்டு நின்ற ஓர் இழை அவருடைய உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது.

அதே நேரம் மச்சான் தண்ணீரில் குதித்துப் போட்டின் பின்பக்கத்துக்குத் தோளைக் கொடுத்தார்.

“விடுங்க!” என்று ராத்தா மேட்டிலிருந்து கத்தினாள். “போட் போனாப் போகட்டும்! விடுங்க!”

நான் போய் அவரைக் கக்கத்தில் பிடித்து இழுத்தேன். அவர் என்னை ஏசினார். நானும் ஏசினேன். முதலாளி மோட்டாரை நிறுத்தினார். யாரோ பழைய முனைக் கயிற்றை எடுத்து வீச, எல்லோரும் அதைப் பிடித்தார்கள். வாளியால் தண்ணீரை இறைத்து இறைத்து, போட் ஒருவழியாக மேலேறியது. பிறகு அதே ஆட்கள் வேனையும் தள்ளி ஏற்றினார்கள். மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டோம். முதலாளி சோறு சாப்பிட்டு, கறி நன்றாக இருந்தது என்று சொல்லி, “மல்லி, உங்க கடல்தான் சரியில்ல” என்றபடி வின்ச்சோடு போய்விட்டார்.

பின்னேரம் ராத்தா மச்சானின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தையல் பிரியவில்லை. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

“இன்னொரு தடவ இப்பிடிக் குதிச்சீங்க எண்டா, அந்தப் போட்டக் கோடாலியால கொத்திப் போடுவன்.”

“கொத்தினா விறகுக்கும் ஆகாது. பைபர்.”

“அப்ப கொளுத்துறன்.”

அவர் மல்லாந்து படுத்தபடி முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிழை வின்ச்சில் இல்லை, வேனில்தான் என்றார். கொன்கிரீட் அடித்தளம் போட்டு லேண்ட்மாஸ்டர் கைடிராக்டரின் இஞ்சினைப் பூட்டினால் எவனுடைய கையும் தேவைப்படாது என்றார். ராத்தா எழும்பிப் போனாள்.

நான் தனியாகக் கரைக்குப் போய், போட் ஏறிவந்த தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு எதையும் நடந்த பிறகு போய் நின்று பார்த்தால்தான் விளங்கும். போட்டைக் கரையேற்றுவது ஒரு வேலை இல்லை, இரண்டு வேலை. அலைக்கும் ஈர மணலுக்கும் இடையில் உள்ள முதல் சில அடி ஒன்று. அதற்கு வேகம் வேண்டும். அந்த வேகம் நாலைந்து பேர் சேர்ந்து பிடிக்கும் கைகளுக்குத்தான் உண்டு, இரும்புக்கு இல்லை. அங்கிருந்து மேடு வரைக்குமான நீண்ட ஏற்றம் மற்றது. அதற்கு வேகம் தேவையில்லை, பலம்தான் வேண்டும். ஆண்களின் வயிறு கிழிவது அங்கேதான். நாங்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துச் சிலாபம் வரைக்கும் போயிருந்தோம். இன்னொன்றும் விளங்கியது. எந்த வின்ச்சைக் கொண்டுவந்து வைத்தாலும் இந்த மனிதர்கள் வந்து அதன் கயிற்றைப் பிடிக்கத்தான் போகிறார்கள். பிடிக்காதே என்று அறிவுறுத்தி நிறுத்த முடியாது. ஆகவே அவர்கள் பிடித்தாலும் கை போகாத ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை கூட்டாளி வேறொருவரோடு போய் வந்தபோது, மாமி கையில் கட்டோடு வந்து நின்றார். மச்சானுக்கு அது தாங்கவில்லை.

“கையக் கிழிச்சிக்கிட்டு ஏன் மாமி வந்தீங்க?”

“மத்தக் கை இருக்குதானே மவன்.”

“இனி மெஷின் வந்திடும். நீங்க கஷ்டப்படத் தேவல்ல. உங்கட மீன நான் வீட்டுக்கு அனுப்பிவிடுறன்.”

மாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். “அனுப்புற மீன் சதக்கா மவன். அத நான் எடுக்க மாட்டன். இழுத்த மீன் எண்டா அது என்ட.”

“அப்ப மெஷின் வந்தா?”

“வரட்டுமே. மெஷினா மீன் திங்கப் போகுது?”

எல்லோரும் சிரித்தார்கள். மெழுகுதிரிக்காரர் மட்டும், “இஞ்சின் வச்சா அது மண்ணெண்ணெய் குடிக்கும் மாமி, மீனவிட விலை,” என்றார். மச்சான் சிரிக்கவில்லை. தானம் வாங்கமாட்டேன் என்று அவர் என்னிடம் சொன்னதையே மாமி அவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார் என்று எனக்குப் பட்டது. அவருக்கும் பட்டிருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் வழியில், “கம்பி வேணாம், கயிறு ஓடுற மாதிரி ஒண்டு பாப்பம்,” என்றார். அவ்வளவுதான்.

புத்தளத்தில் பழைய லொறிகளை உடைத்து விற்கும் ஒரு யார்டில் கையால் சுற்றும் வின்ச்சுகள் கிடந்தன. ஒன்று சின்னது, வெள்ளையாக மினுங்கியது, பல்லெல்லாம் மெல்லிசு. மற்ற இரண்டும் கனமானவை, இரண்டு கியர் உள்ளவை. நான் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டும் நல்லது என்று வந்து சொன்னேன்.

“நீ சுத்திப் பாத்து என்ன?” என்றாள் ராத்தா. “நீ ரெண்டு மாசத்துல எந்தக் காட்டுல நிப்பியோ. சுத்தப் போறது நான்.”

அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனோம். யார்ட்காரர்கள் வின்ச்சைத் தூணில் கட்டி, மறுமுனையில் ஒரு லொறி அச்சைக் கொளுவிக் கொடுத்தார்கள். அவள் அபாயாக் கையை மடித்துக்கொண்டு சுற்றினாள். அச்சு மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது. பாதி வந்ததும் ஒன்றும் சொல்லாமல் கைப்பிடியை விட்டுவிட்டு எட்டி நின்றாள். கைப்பிடி விர்ரென்று பின்னுக்குச் சுழன்றது. பக்கத்தில் நின்ற யார்ட்காரர் ஒரே பாய்ச்சலில் விலகினார்.

“என்ன தங்கச்சி, ஆளக் கொல்லப் பாத்தீங்க?”

“நான் இல்ல நானா. உங்கட சாமான்தான் பாத்திச்சு.”

பின்னுக்கு ஓடாமல் பல்லைப் பிடிக்க வேண்டிய நாக்கு அதில் தேய்ந்திருந்தது. நானும் அதைச் சுற்றியிருந்தேன். இழுக்கிறதா என்று பார்த்தேனே ஒழிய, விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத் தோன்றவில்லை. மற்றதையும் அவள் அப்படியே சுற்றி, அப்படியே விட்டாள். அது டக்கென்று நின்றது. திரும்பவும் சுற்றினாள், திரும்பவும் விட்டாள்.

“இது போதும்,” என்றாள். “எனக்கு விட்டுட்டு ஓடணும் எண்டு வந்தா ஓடலாம்.”

எதற்காக விட்டுவிட்டு ஓட வேண்டி வரும் என்று மச்சான் கேட்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கம்பியைக் கழற்றிவிட்டுத் தடித்த நைலோன் கயிறு போட்டோம். அதற்குப் பழைய உருளை போதாது. லேத்துக்கடையில் கொடுத்துப் பெரிதாக்கினோம். உருளை பெருத்தால் சுற்றுவதும் பாரமாகும் என்பதால் போட்டின் முனையில் கொளுவ ஒரு கப்பியும் வாங்கினோம். கப்பி போட்டால் பாரம் பாதியாகும், போட் வருவதும் பாதி வேகத்தில்தான். மச்சான் முதலில் முகம் சுளித்தார். பிறகு, ஏற்றத்தில் எவன் அவசரப்படுகிறான் என்று அவரே சொன்னார்.

மணலில் வின்ச் நிற்க வேண்டும் என்றால் அடியில் ஏதாவது புதைக்க வேண்டும். வேன் அதைக் காட்டித் தந்திருந்தது. ஒரு பனங்குற்றியைக் குறுக்காகப் போட ஆழமாகக் குழி தோண்டினோம். தோண்ட வந்தவர்கள் இழுக்க வருகிற அதே ஆட்கள்தான்.

“ஆருக்கு இந்தக் கபுறுக் குழி?” என்று வழியில் போன ஒருவர் கேட்டார்.

“வின்ச்சுக்கு,” என்றார் மாமி, மேட்டில் உட்கார்ந்தபடி. “ஆளு இன்னும் மௌத்தாகல்ல. முன்கூட்டியே தோண்டுறம்.”

குற்றியைப் போட்டு மண் மூட்டைகளால் அமுக்கி மூடினோம். ராத்தாவின் இடுப்பு உயரத்துக்கு இரண்டு இரும்புக் கால் வைத்து அதன்மேல் வின்ச்சைப் பூட்டினோம்.

காற்று பலமாக அடித்த ஒரு நாள் மச்சான் கடலுக்குப் போனார். போக வேண்டாம் என்று நான் சொன்னேன். இந்தக் காற்றில் ஏற்ற முடியாவிட்டால் விற்பதை இன்றைக்கே முடிவு செய்யலாம் என்றார். அவர் திரும்பி வந்தபோது அலை அழுக்காகப் புரண்டுகொண்டிருந்தது. வெளியே நெடுநேரம் நின்று, ஓர் அலையில் ஏறி வந்து முட்டினார். ஆட்கள் முனைக் கயிற்றோடு பாய்ந்தார்கள். அடுத்த அலை உடைந்தபோது போட் ஈர மணலில் இருந்தது. பின்பக்கம் நனைந்ததோடு சரி. கப்பியைக் கூட்டாளி கொளுவினார். ராத்தா சுற்றத் தொடங்கினாள். டக், டக் என்று நாக்கு விழுகிற சத்தம். போட் ஊர்ந்தது. நான் வின்ச்சுக்குப் பக்கத்தில், அவளுக்கு ஏலாமல் போனால் கைப்பிடியை வாங்குவதற்காக நின்றேன். அவள் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். கைப்பிடியை விட்டுவிட்டு முக்காட்டைச் சரி செய்தாள். போட் இருந்த இடத்திலேயே இருந்தது. திரும்பவும் சுற்றினாள்.

ஆட்கள் யாரும் கயிற்றை விடவில்லை. இரண்டு பக்கமும் வரிசையாக அதைப் பிடித்துக்கொண்டு, வின்ச்சின் வேகத்துக்கு அடி அடியாக நடந்து வந்தார்கள். அவர்கள் இழுத்தார்களா, கயிறு அவர்களை இழுத்ததா என்று சொல்ல முடியாது. மாமி கட்டு அவிழ்த்த கையாலேயே பிடித்திருந்தார். மச்சான் இறங்கி, போட்டின் விளிம்பைத் தொடாமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். அப்படி நடக்க அவருக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை கால் இடறினார்.

மேட்டில் ஏறியதும் கூடையைத் திறந்து மீன் கொடுத்தார். எல்லோருக்கும் கொடுத்து முடிந்ததும் மாமி சும்மா இருக்கவில்லை.

“சுத்தினவளுக்கு?”

“அவ போட்டுக்காரர்ட பொஞ்சாதி மாமி,” என்றார் மெழுகுதிரிக்காரர். “அவக்கு எதுக்குப் பங்கு?”

“நீ வால் நுனியத் தொட்டுட்டு மீன் எடுக்கல்லயா? அவ மற்ற நுனியில நிண்டவ.”

மச்சான் ஒரு பாரை மீனை எடுத்து ராத்தாவிடம் நீட்டினார். எல்லோர் முன்னாலும் அவள் வாங்கினாள். பிறகு அவர் பழக்கத்தில் எனக்கும் ஒன்றை எடுத்தார். எடுத்தவர் நின்றார்.

“நீ கை வச்சியா?”

“இல்ல,” என்றேன்.

“அப்ப உனக்கு இல்ல,” என்று மீனைக் கூடைக்குள் திரும்பப் போட்டார். அன்றைக்குத்தான் அவர் வயிற்றைப் பிடிக்காமல் சிரித்தார்.

மறுநாள் விடிய அவர் மண்ணெண்ணெய்க் கானைத் தூக்காமல் கூட்டாளியைத் தூக்கச் சொல்லிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். திரும்பி வரும் நேரத்துக்கு நான் கரையில் நிற்பேனா என்று கேட்கவில்லை. ராத்தா மா பிசைந்துகொண்டிருந்தாள். ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். எங்கே போகிறேன் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. எனக்கே அது தெரிந்திருக்கவும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தேன்.